இது என் கால் இல்லை

1

போன வாரம் எங்கள் மருத்துவமனையின் பணியாளர் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கோப்பில் இருக்கும் எச்சரிக்கைக் கடிதத்துக்குக் காலம் முடிந்துவிட்டதாம். நான் கேட்டுக்கொண்டால் அதை எடுத்துவிடுவார்களாம். கேட்பதற்கு ஒரு படிவம், அந்தப் படிவத்தை நிரப்ப ஒரு வழிகாட்டி, இரண்டையும் இணைத்திருந்தார்கள். ஜெர்மனியில் மன்னிப்பும் இணைப்புகளோடுதான் வரும்.

ஒரே வரியில் பதில் போட்டேன். "நன்றி, அது அங்கேயே இருக்கட்டும்."

இளங்கோ, என் வீட்டுக்காரர், கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எடுக்கச் சொல்லிட வேண்டியதுதானே செல்வி? எதுக்கு இந்த வீம்பு?"

"வீம்புதான்" என்றேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் குடவாசல் பக்கம். இளங்கோ திருக்காட்டுப்பள்ளிக்காரர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறார். நான் மருத்துவமனையின் தோல் பிரிவில் போட்டோகிராபர். வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் பிடிபட்டதில்லை. சித்தப்பா ஒருமுறை போனில் கேட்டார்: "ஆஸ்பத்திரியில எதுக்கும்மா போட்டோ புடிக்கிற ஆளு? அங்க யாருக்குக் கல்யாணம்?"

ஆறாத புண், பரவுகிற படை, நிறம் மாறும் மச்சம். இவற்றை ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வண்ண அட்டையை வைத்துத் திரும்பத் திரும்பப் படமெடுப்பேன். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து மருத்துவர் பார்ப்பார். படமெடுப்பது வேலையில் பாதிதான். அந்தப் படம் என் அறைத் திரையிலும், மருத்துவர் அறைத் திரையிலும், வார்டிலும், வீட்டுக்குப் போய்க் கட்டுப் போடும் நர்ஸின் கையில் இருக்கிற பிரிண்டிலும் ஒரே நிறத்தில் தெரிகிறதா என்று பார்ப்பது மறுபாதி. ஒரு திரை கொஞ்சம் வெளுத்தால் போதும், ஆறாத புண் ஆறிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். எல்லாம் ஒத்து வந்தால் படத்தின் கீழே 'நிறம் சரி' என்ற கட்டத்தில் நான் குறி போடுவேன். என் குறி இல்லாமல் படம் வேறு யாருக்கும் திறக்காது.

ஒரு நாள் குறி போட மாட்டேன் என்று சொன்னேன். எச்சரிக்கை அதற்குத்தான்.

அந்தக் கடிதம் என் பேரில் வரவில்லை என்பது வேறு கதை. பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே அது இல்லாமல் பஸ் பாஸ்கூட வாங்க முடியாது. அதனால் அப்பா பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஊழியர் அட்டையில், சம்பளச் சீட்டில், அறைக் கதவில், எங்கும் நான் திருமதி கலியமூர்த்தி. எச்சரிக்கையும் கலியமூர்த்திக்குத்தான். போனில் சொன்னபோது அப்பா கொஞ்சம் பதறிவிட்டார். "எம் பேர்லயா? நான் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கலையேம்மா."

2

படம் பொய் சொல்லும் என்று நான் தெரிந்துகொண்டது ஜெர்மனியில் இல்லை. குடவாசல் கடைத்தெருவில்.

கல்லூரி முடித்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தார்கள். கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுக்கு அது போனது. தை மாதம், அறுவடை முடிந்த சமயம், அவர்கள் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். நான் காப்பித் தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அத்தை கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"போட்டோவுல பொண்ணு நல்ல கலரா இருந்துச்சுங்களே" என்றார் அப்பாவிடம்.

அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவரின் மகன். தன் காலத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். வந்தவர்கள் முன்னால் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"எம் பொண்ணு இந்தக் கலருதாங்க. போட்டோக்காரன் வெள்ளையடிச்சிட்டான். நாங்க பொங்கலுக்கு வீட்டுக்குத்தாங்க வெள்ளையடிப்போம், பொண்ணுக்கு அடிக்கிறதில்ல. காப்பியைக் குடிச்சிட்டுப் பொறப்புடுங்க."

காப்பியைக் குடிக்காமலே போனார்கள். அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

மறுநாள் நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். "எங்க வெளுத்தீங்க, காட்டுங்கண்ணே" என்றேன். ஸ்டுடியோக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று பயந்து கம்ப்யூட்டரில் என் படத்தைத் திறந்து காட்டினார். ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு பொத்தான். வலது பக்கம் இழுத்தால் நான் வெளுத்தேன். திருப்பி இழுத்தால் நானானேன். "எல்லாருக்கும் செய்யறதுதாம்மா. கேக்கறதுகூட இல்ல" என்றார். திருப்பி இழுக்கச் சொல்லி, உள்ளபடியே ஒரு பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அந்தக் கோபம்தான் என்னை இந்தத் தொழிலுக்குள் தள்ளியது. முதலில் சென்னையில் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் வேலை. அப்புறம் அதற்கென்று ஒரு படிப்பு. அப்புறம் இங்கே.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு நெல் இலையின் படத்தை அனுப்பியிருந்தார். குறுவை நட்டு மூணு வாரம் ஆகிறது.

"வேளாண்மை ஆபீசர் போட்டோ அனுப்பச் சொன்னாரும்மா. யூரியா போடலாமா வேணாமான்னு பாத்துச் சொல்றாராம். படம் தெளிவா இருக்கான்னு பாரு."

"படத்தை வச்சு யாரும் சொல்ல முடியாதுப்பா. இலை அட்டை குடுத்தாங்களே, அது எங்க?"

"இருக்கு, இருக்கு."

வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை அது. இலையை அதன் மேல் வைத்துப் பார்த்து, வெளிறியிருந்தால் உரம் போட வேண்டும்.

"வெயில்ல வச்சுப் பாக்காதப்பா."

"ஏய், அது எனக்குத் தெரியாதா? சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நம்ம நெழல்ல வச்சுத்தான் பாக்கணும்."

இங்கே நான் அறையின் திரைச்சீலையை மூடிவிட்டுச் செய்வதைத்தான் அவர் வரப்பில் முதுகால் செய்கிறார்.

3

யோனாஸ் ஆப்பிரிக்காவில் எரித்ரியாக்காரர். இந்த ஊரில் நகரப் பேருந்து ஓட்டுகிறார். சர்க்கரை நோய் வந்து, இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. வாராவாரம் என்னிடம் படமெடுக்க வருவார். அவர் ஜெர்மனும் என் ஜெர்மனும் ஒரே வகுப்பு என்பதால் எங்களுக்குள் பேச்சு நன்றாகவே ஓடும்.

எச்சரிக்கை வந்த வருஷம், இலையுதிர் காலத்தில் மருத்துவமனைக்குப் புதுத் திரைகளும் புது பிரிண்டரும் வந்தன. வாங்கியவர்கள் என்னைக் கேட்கவில்லை. அலுவலகங்களுக்கு வாங்குவதையே எங்கள் பிரிவுக்கும் வாங்கிவிட்டார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மெஷின்கள் படத்தைத் தாமாகவே 'அழகுபடுத்தும்'. அவற்றின் கணக்கில் அழகு என்றால் இருண்டதை வெளுப்பது. ஜெர்மனில் வெளிச்சமான நிறத்தை 'ஹெல்' என்பார்கள். வந்த புதிதில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த காதில் அது நரகம் என்று விழும். புது பிரிண்டரின் பெட்டியில் 'எல்லாமே ஹெல்லாக' என்று விளம்பரம் போட்டிருந்தது. சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

இந்த வசதியை நிறுத்தும் பொத்தானைக் கணினிப் பிரிவு பூட்டி வைத்திருந்தது. பூட்டைத் திறக்க விண்ணப்பம் போட்டேன். ஒரு எண் கொடுத்தார்கள். கேட்கும்போதெல்லாம் அந்த எண் 'பரிசீலனையில்' இருந்தது. அதுவரை பழைய பிரிண்டரையே ஓட்டினேன். திரைகள் சோதனையில் தேறிவிட்டதால் அவற்றில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பழையதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அன்றுதான் யோனாஸ் வந்தார். படமெடுத்து, வீட்டுக்கு வரும் நர்ஸிடம் கொடுக்கச் சொல்லி, வேறு வழியில்லாமல் புது பிரிண்டரில் போட்ட ஒரு பிரிண்டைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, குனிந்து, காலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என் கால் இல்லை" என்றார்.

"உங்கள் கால்தான். இப்போதுதானே எடுத்தேன்?"

"புண் என்னுடையது. கால் வேறு யாருடையதோ."

நானும் குனிந்து பார்த்தேன். புண்ணைச் சுற்றி அவர் தோலில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. பிரிண்டில் வளையமே இல்லை. காப்பியில் பாலை அதிகம் ஊற்றியதுபோல ஒரு கால், வழவழவென்று. கறுத்த தோலில் அழற்சி வந்தால் சிவப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ கூடுதல் கறுப்பாகவோதான் தெரியும். வெளுக்கிற மெஷின் முதலில் துடைத்துவிடுவது அதைத்தான்.

அவரை உட்காரவைத்துவிட்டு மருத்துவர் அறைக்கு ஓடினேன். அங்கே புதுத் திரையில் அதே கால் வளையம் இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது. வார்டில் செம்பு நிறம். என் அறையில் இருந்த பழைய திரையில் மட்டும் அது யோனாஸின் கால்.

திரும்பி வந்து, அன்று காலை போட்ட குறிகளையெல்லாம் எடுத்தேன். ஒரு படம்கூட எங்கும் திறக்கவில்லை. போன் அடிக்க ஆரம்பித்தது.

மருத்துவர் ஹார்ட்மன் நேரிலேயே வந்தார். எங்கள் பிரிவின் தலைவர். வேகமாகப் பேசுவார், ஆனால் நியாயஸ்தர். நான் பிரிண்டையும் காலையும் காட்டினேன். அவர் பிரிண்டைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு யோனாஸின் காலை எடுத்துத் தன் தொடை மேல் வைத்து, வளையத்தை அமுக்கிப் பார்த்தார், புறங்கையால் சூடு பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். 'நல்லவேளை நிறுத்தினீர்கள்' என்று சொல்லப்போகிறார் என்று எனக்குள் ஒரு மூலை காத்திருந்தது.

"கால் நன்றாக இருக்கிறது" என்றார். "இந்த வளையம் பழைய தழும்பின் நிறம். கிருமி எதுவும் இல்லை. படங்களைத் திறந்துவிடுங்கள்."

எனக்கு முகம் சுட்டது. யோனாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் சரி டாக்டர்" என்றேன். "படம் சரியில்லை."

"ஒன்றும் ஆகவில்லையே, திருமதி கலியமூர்த்தி."

"நன்றாக இருக்கிறது என்று நீங்கள் தொட்டுப் பார்த்துச் சொன்னீர்கள். படம் சொல்லவில்லை. அடுத்த வாரம் இதே இடம் நிஜமாகவே சீழ் பிடித்தாலும் உங்கள் திரை இந்த வழவழப்பான காலைத்தான் காட்டும். அன்று நீங்கள் வேறு கட்டடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்."

"பிரச்சினையை எழுதிக் கொடுங்கள். குறியைப் போடுங்கள்."

"எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பரிசீலனையில் இருக்கிறது. குறி போட மாட்டேன்."

அவர் எழுந்து போய்விட்டார். அன்று மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் வந்து வெகுநேரம் காத்திருந்த ஒரு அம்மாள் போகும்போது என்னைத் திரும்பி முறைத்தார். முறைத்தது நியாயம்தான். அதற்காகவும் நான் குறி போடவில்லை.

4

இரண்டு நாளில் கூப்பிட்டார்கள். பணியாளர் பிரிவின் திருமதி ஃபோக்ட், ஹார்ட்மன், நான். மேசை மேல் கடிதம் தயாராக இருந்தது. மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் மருத்துவமனையின் வேலையை நிறுத்தினேன் என்று எச்சரிக்கை. கூடவே இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று ஓர் உறுதிமொழி.

"ஏன் செய்தீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்றார் திருமதி ஃபோக்ட்.

வீட்டிலேயே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போன வாக்கியம்தான். 'திரை பொய் சொல்கிறது.' ஜெர்மனில் பொய் சொல்வதற்கும் படுத்திருப்பதற்கும் நடுவில் ஒரே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய அந்த எழுத்து எத்தனை வருஷமானாலும் என் வாயில் வராது. "திரை படுத்திருக்கிறது" என்றேன்.

திருமதி ஃபோக்ட் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். "மேசை மேல் நிமிர்ந்துதானே நிற்கிறது?"

இங்கே வந்த முதல் வருஷமாக இருந்தால் நான் அழுதிருப்பேன். அன்று எழுந்து நின்றேன். "உங்களுக்குப் புரிந்துவிட்டது. என் உச்சரிப்பைத் திருத்துவதை அப்புறம் வைத்துக்கொள்வோம். உங்கள் கையைக் கொடுங்கள். என் கையையும் உங்கள் கையையும் ஒரே படமாக எடுக்கிறேன். எல்லாத் திரையிலும் என் கை ஒரே மாதிரி தெரிந்தால் இந்த உறுதிமொழியில் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்."

அவர் ஹார்ட்மனைப் பார்த்தார். ஹார்ட்மன் தோளைக் குலுக்கி, "போய்ப் பார்க்கலாம்" என்றார்.

என் அறையில் நீலத் துணியின் மேல் இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் படமெடுத்தேன். மூன்று பேரும் அறை அறையாக நடந்தோம். திருமதி ஃபோக்டின் கை எங்கே போனாலும் திருமதி ஃபோக்டின் கையாகவே இருந்தது. என் கை ஒரு திரையில் சாம்பல். இன்னொன்றில் செம்பு. கடைசியாக பிரிண்ட் எடுத்தேன். அந்தக் கையைப் பார்த்திருந்தால் கும்பகோணத்து அத்தை அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்.

திருமதி ஃபோக்ட் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "என்னுடையது எங்கும் மாறவே இல்லை" என்றார் மெதுவாக.

ஹார்ட்மன் இரண்டாவது அறைக்குத் தனியாகத் திரும்பிப் போய் அந்தத் திரையின் முன்னால் நின்றார். "யோனாஸை நான் இதில்தான் பார்க்கிறேன்" என்றார். அங்கிருந்தே கணினிப் பிரிவுக்குப் போன் போட்டார். அந்த வாரமே பூட்டைத் திறந்தார்கள். எல்லாத் திரைகளிலும் பிரிண்டரிலும் அழகுபடுத்துவதை நிறுத்தி, நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன்.

எச்சரிக்கையை மட்டும் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் சொன்னது சரி. செய்த முறை தவறு" என்றார் திருமதி ஃபோக்ட். உறுதிமொழியில் நான் கையெழுத்துப் போடவில்லை. கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும் போட்டேன்.

5

அன்று சாயங்காலம் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். மகள் யாழினி எடுத்துப் படித்தாள். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. அவள் ஜெர்மனில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். யாரும் போட்ட ஏற்பாடு இல்லை, அதுவாக ஆகிவிட்டது.

"அம்மா, நீ ஏன் எதையும் பெரிசு பண்ற? அது வெறும் ஃபில்டர். எல்லா போன்லயும் இருக்கு."

"உன் போன்லயும் இருக்கா?"

காட்டினாள். தயிரில் குழைத்தெடுத்ததுபோல ஒரு முகம். மூக்கு மட்டும் அவள் அப்பாவுடையது.

"இது யாருடி?"

"என் முகம். நான் என்ன வேணா பண்ணுவேன்."

"உன் முகம்தான். அதைத்தான் நானும் சொல்றேன்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. எச்சரிக்கை கொடுத்தவர்களிடம் ஜெயித்துவிட்டு வந்தவள் வீட்டில் தோற்றேன். இன்று வரைக்கும் அந்த ஃபில்டர் இருக்கிறது. நான் அவள் போனைத் தொடுவதில்லை. ஆனால் கூடத்துச் சுவரில் மாட்டும் படத்தை எடுப்பது நான், பிரிண்ட் போடுவதும் நான். அதில் அவள் அவள் நிறத்தில் இருக்கிறாள். சிநேகிதிகள் வரும்போது கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறாள். அவர்கள் போனதும் நான் எடுத்து மாட்டிவிடுகிறேன். இளங்கோ ஆணி தளர்ந்துவிட்டது என்கிறார். வேறு ஆணி அடித்துக்கொள்ளலாம்.

6

திரைகளைச் சோதிக்க ஒரு மாதிரிப் படம் இருக்கும். எங்களிடம் இருந்ததில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், பக்கத்தில் பழங்கள். அந்த முகம் சரியாகத் தெரிந்தால் திரை சரி என்று எழுதி வைத்துவிடலாம். அதனால்தான் புதுத் திரைகளும் சோதனையில் தேறியிருந்தன. கறுத்த தோலும் அதில் வேண்டும் என்று கேட்டேன்.

நல்ல யோசனைதான் என்றார்கள். நோயாளியின் உடலைச் சோதனைப் படமாக வைக்க அவருடைய ஒப்புதல் வேண்டும், தரவுப் பாதுகாப்பு அலுவலரின் கருத்து வேண்டும், ஒரு குழு கூட வேண்டும் என்றார்கள். குழு எப்போது கூடும் என்று குழுவுக்கே தெரியவில்லை.

"என் கைக்கு யார் ஒப்புதல் வேண்டும்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுடையது மட்டும்" என்றார் திருமதி ஃபோக்ட்.

உடனே போட்டேன். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. விஷயம் கேள்விப்பட்டு யோனாஸ், தன் காலும் அதில் இருக்க வேண்டும் என்று நின்றார். அவருக்கு எல்லாப் படிவமும் தேவைப்பட்டது. வண்டி ஓட்டும் நேரம் போக, ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கி வாங்கிவிட்டார். அதற்குள் புண் மூடிவிட்டிருந்தது.

இப்போது எங்கள் மருத்துவமனையில் திங்கட்கிழமை காலை எந்த அறையில் எந்தத் திரையை இயக்கினாலும் முதலில் என் கை வரும், பக்கத்தில் யோனாஸின் கால். மேசையில் இருக்கும் அச்சுப் படத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பேராசிரியரானாலும் பார்த்துவிட்டுத்தான் மேலே போகலாம். நிறம் ஒத்து வரவில்லை என்றால் என்னைக் கூப்பிட வேண்டும்.

இதை நேற்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் சத்தம் போனில் கேட்டது.

"எல்லா ரூம்லயும் உன் கை எதுக்கும்மா?"

"நெறம் சரியா காட்டுதான்னு பாக்கத்தான்ப்பா. என் கைக்கு ஒத்து வந்தாத்தான் வேலை ஆரம்பிக்கும்."

"பெரிய பெரிய டாக்டருங்களுக்குமா?"

"எல்லாருக்கும்."

அப்பா, சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல, "நம்ம கைக்கா?" என்று கேட்டார்.

"நம்ம கைக்குத்தான்."

"ஒத்து வரலைன்னா?"

"நிக்கும்."

"யாரு சொன்னாலும்?"

"யாரு சொன்னாலும்ப்பா."